பெயர்ப்பலகையும் ஓர் ஆவணமே: பெங்களூரு ரயில், பேருந்துப் பலகைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

பெங்களூரு நகரத் தெருக்களில் டிராம் ஓடியதில்லை. தென்னிந்தியப் பெருநகரங்களுள் டிராமின் வரலாற்றைச் சொல்லும் உரிமை சென்னைக்கே உண்டு. அங்கு 1895 மே 7 அன்று மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரல் 12 அன்று நின்றுபோனது. மும்பையில் 1874இல் குதிரைகள் இழுத்த டிராம், 1907இல் மின்சாரத்துக்கு மாறி, 1964 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றது. கொல்கத்தாவில் மட்டும் அது நம் காலம்வரை தொடர்ந்தது.

இந்த மூன்று நகரங்களிலும் டிராமின் எச்சங்களுக்கு நேர்ந்த கதி ஒன்றல்ல. மும்பையின் பெஸ்ட் நிறுவனம், அணிக் பணிமனையில் உள்ள தன் அருங்காட்சியகத்தில் பயணச்சீட்டுகளையும் கருவிகளையும் மாதிரிகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. கொல்கத்தாவில் எஸ்பிளனேடு பகுதியில், 1938ஆம் ஆண்டைச் சேர்ந்த டிராம் வண்டி ஒன்றையே 2014இல் ‘ஸ்மரணிகா’ என்னும் அருங்காட்சியகமாக்கினர். சென்னையின் டிராமோ பெரும்பாலும் பழைய ஒளிப்படங்களிலும் முதியோர் நினைவுக் குறிப்புகளிலும் மட்டுமே வாழ்கிறது. அதன் நிறுத்தங்களில் எந்தப் பெயர்கள் எந்த எழுத்துகளில் எவ்வகை எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டிருந்தன என்று இன்று ஒரு மாணவர் கேட்டால், அவர் முன் எடுத்து வைக்கத்தக்க பலகைகள் மிகக் குறைவு. 58 ஆண்டுகள் ஒரு மாநகரின் முதன்மைத் தெருக்களில் ஓடிய ஊர்தியின் மொழிச் சான்று இவ்வளவு மெலிந்துபோனது எப்படி?

விடை எளிது. பலகையை யாரும் ஆவணம் என்று கருதவில்லை. கருதாததற்கும் காரணம் உண்டு. கோப்பு பழையதானால் அலமாரிக்குப் போகும். பலகை பழையதானால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கோப்பில் தவறு இருந்தால் அதன்மேல் குறிப்பு எழுதுவர். பலகையில் தவறு இருந்தால் அதன்மேலேயே வண்ணம் பூசுவர். தன் கடமையைச் சரியாகச் செய்யும் ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனமும், பெயரோ தடமோ மொழிக்கொள்கையோ மாறியவுடன் பழைய பலகையை அகற்றியே ஆகவேண்டும். அகற்றாவிட்டால் பயணி வழிதவறுவார். ஆக, இவ்வகை ஆவணம் அழிவது அலட்சியத்தால் மட்டுமன்று, ஒழுங்கான நிர்வாகத்தாலும்தான்.

டிராம் ஓடாத பெங்களூருவில் இந்தச் சிக்கல் ரயில் நிலையத்திலும் பேருந்திலும் மெட்ரோவிலும் நேர்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் பெயரும் மொழியும் இத்தனை முறை அரசியல் பொருளான இந்திய நகரம் பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. ஆகவே பலகைகளின் பாதுகாப்பு பற்றிய உரையாடலைத் தொடங்குவதற்கு அந்நகரம் பொருத்தமான களம்.

1. கல்லில் எழுதிய பெயர்கள்

பெங்களூருவின் பழைய பெயர்ப்பலகைகள் கல்லில் உள்ளன. பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் உள்ள வீரக்கல், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கங்கர் காலத்துக் கல்வெட்டு. ‘பெங்களூரு’ என்ற இடத்தில் நடந்த போர் ஒன்று அதில் குறிக்கப்படுகிறது. 1537இல் கெம்பே கௌடர் நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகள் முன்பே அப்பெயர் வழக்கிலிருந்ததற்கு அக்கல்லே சான்று. வேகவைத்த அவரை தந்த மூதாட்டியைப் பற்றிய நாட்டார் கதையிலிருந்து நகரத்தின் பெயர் பிறந்ததென்னும் வழக்கைக் கேள்விக்கு உள்ளாக்குவதும் அதுவே.

2018இல் ஹெப்பாள் பகுதியில் கிடைத்த கிட்டய்யன் கல்வெட்டு அதனினும் பழையது. ஏறத்தாழ கி.பி. 750, கங்க அரசன் ஸ்ரீபுருஷனின் காலத்தது. அதில் ‘பெர்ப்பொழல் நாடு’ என்ற பெயர் வருகிறது. பழங்கன்னடத்தில் ‘பொழல்’ என்பது ஊரை, நகரைக் குறிக்கும் சொல். ‘பெர்’ என்பது தமிழின் ‘பெரு’ என்பதோடு உறவுடையது. சொல்லின் முதலில் வரும் பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்ததை மொழியியல் மாணவர்கள் அறிவர். பள்ளி ‘ஹள்ளி’யானதும், பால் ‘ஹாலு’ ஆனதும், பத்து ‘ஹத்து’ ஆனதும் அவ்வாறே. அதே வழியில் ‘பெர்ப்பொழல்’ ‘ஹெப்பாள்’ ஆயிற்று. இன்று மேம்பாலத்தின் கீழ் நிற்கும் பேருந்தின் முகப்பில் ஒளிரும் சொல்லுக்கும் அக்கல்லில் உள்ள சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ 1,270 ஆண்டுக்கால ஒலி மாற்றம் கிடக்கிறது.

தொம்மலூரின் கதை தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அவ்வூர் ‘தொம்பலூர்’ என்றும் ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்றும் வழங்கப்படுகிறது. வணிகக் குழுவின் சாயலைக் காட்டும் இரண்டாம் பெயர் மறைந்தது. முதற்பெயர் திரிந்து நிலைத்தது. அப்பெயரைத் தாங்கிய பேருந்து நிலையம் அதே பகுதியில் இன்று இயங்குகிறது.

இக்கற்களின் பாதுகாப்பிலும் ஒரு வரலாறு உண்டு. பி.எல். ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் பதிவான கற்களுள் பலவும் நகரம் பெருகியபோது சாலைக்கும் சாக்கடைக்கும் அடுக்ககத்துக்கும் இரையாயின. எஞ்சியவற்றைத் தேடும் தன்னார்வலர் முயற்சி அண்மை ஆண்டுகளில் வலுப்பெற்றது. 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டியின் ஆதரவில் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடி வழியே பதிவுசெய்யும் திட்டமும் நடந்துவருகிறது. கல் காணாமற்போனாலும் எழுத்து எஞ்சவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இங்கேதான் ஒரு முரண் தென்படுகிறது. எட்டாம் நூற்றாண்டின் ஊர்ப்பெயரை நுண்மில்லிமீட்டர் அளவுக்கு வருடிப் பதியும் அதே நகரம், இருபதாம் நூற்றாண்டின் ஊர்ப்பெயரைக் கிலோ விலைக்கு விற்கிறது. இரண்டாவது மிக அண்மையில் இருப்பதால் அது மதிப்பற்றதாகத் தோன்றுகிறது. 1905இல் பலருக்கும் தம் வயலோரத்துக் கல் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

2. ஒரே பலகையில் மூன்று நகரங்கள்

மதராஸ் ரயில்வேயின் கிளை 1864இல் பெங்களூர் கண்டோன்மென்டை வந்தடைந்தது. மைசூர் அரசு அமைத்த மீட்டர் பாதை 1882இல் மைசூர்வரை நிறைவுற்றது. நகரம் அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது: மைசூர் அரசின் ஆட்சியில் பேட்டையும் நகரும், பிரித்தானிய ஆட்சியில் கண்டோன்மென்ட். தமிழ் பேசுவோர் பெருமளவில் குடியேறியது இரண்டாவதில். 1947இல் கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது; 1949இல் இரு பகுதிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஆட்சி இணைந்தபின்னும் ‘சிட்டி’, ‘கண்டோன்மென்ட்’ என்ற இரு நிலையப் பெயர்கள் அப்பிளவை நினைவூட்டிக்கொண்டே இருந்தன. கண்டோன்மென்டைக் கன்னடத்தில் ‘தண்டு’ என்று வழங்குவதுண்டு. படையைக் குறிக்கும் அச்சொல் தமிழிலக்கியத்துக்கும் அயலானதன்று.

விடுதலைக்குப் பின்னர் நிலைபெற்ற ரயில் பலகையின் வடிவம் நமக்குப் பழகியது. மஞ்சள் தளம், கறுப்பு எழுத்து, மேலே மாநில மொழி, அடுத்து இந்தி, அடுத்து ஆங்கிலம், கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். இதைப் பார்க்கும் பயணி ஒரே பெயர் மூன்று எழுத்துகளில் இருப்பதாக எண்ணுகிறார். மொழியியல் நோக்கில் அது சரியன்று. 2014க்கு முந்தைய பெங்களூர் நிலையப் பலகையில் கன்னட வரி ‘பெங்களூரு’ என்றே சொல்லியது. ஆங்கில வரி ‘பேங்களோர்’ என்றது. இந்தி வரி ஆங்கிலத்தை ஒட்டிய வடிவத்தைச் சுமந்தது. அதாவது அந்தப் பலகை ஒரே பெயரை மும்முறை எழுதியதன்று. உள்ளூர் மக்களின் நகரத்தையும் ஆட்சியாளரின் நகரத்தையும், அந்த ஆட்சியாளர் வழியாக நகரத்தை அறிந்த தொலைவாசிகளின் நகரத்தையும் அது அடுக்கி வைத்திருந்தது.

2014 நவம்பர் 1 அன்று கர்நாடகத்தின் 12 நகரங்களின் பெயர்கள் அதிகாரபூர்வமாக மாறின. ‘பேங்களோர்’ பெங்களூரு ஆயிற்று. ‘மைசூர்’ மைசூரு ஆயிற்று. ‘குல்பர்கா’ கலபுரகி ஆயிற்று. செய்திகள் இதைப் ‘பெயர் மாற்றம்’ என்றன. கன்னட வரியைப் பொறுத்தவரை பெங்களூருவில் எதுவும் மாறவில்லை என்பதே உண்மை. மாறியது ஆங்கில, இந்தி எழுத்துக்கூட்டல். பிற மொழிகள் இனி கன்னட ஒலிப்பைப் பின்பற்றவேண்டும் என்ற கோரிக்கையே அம்மாற்றத்தின் உட்பொருள். இந்த நுட்பத்தை அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பழைய பலகையையும் புதிய பலகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பள்ளி மாணவரும் நொடியில் உணர்வர். அவ்வாறு அருகருகே வைப்பதற்குப் பழைய பலகை வேண்டும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. ‘ஊர்’ என்ற சொல் தமிழில் மெய்யெழுத்தில் முடிகிறது. பழங்கன்னடத்திலும் அவ்வாறே. பிற்காலக் கன்னடம் சொல்லிறுதி மெய்யோடு உகரத்தைச் சேர்த்து ‘ஊரு’ என்றது. 2014க்குப் பின் தமிழ் நாளிதழ்களிலும் ‘பெங்களூர்’ என்பது பெரும்பாலும் ‘பெங்களூரு’ ஆயிற்று. ஒரு மாநில அரசின் எழுத்துக்கூட்டல் முடிவு அண்டை மொழியின் எழுத்து வழக்கில் ஓர் உகரத்தைச் சேர்த்த நிகழ்வு இது. வருங்கால ஆய்வாளர் இதன் காலவரிசையை நாளிதழ்களின் வழியே கட்டமைத்துவிடலாம். தமிழில் எழுதிய பேருந்துப் பலகை எப்போது மாறியது, எல்லையூரான ஓசூரின் பேருந்து எப்போது மாறியது என்பதை எதன் வழியே கட்டமைப்பார்?

நிலையத்தின் பெயரும் பின்னர் மாறியது. ‘சிட்டி’ நிலையம் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணர் பெயரைப் பெற்றது. ஆயினும் அதன் குறியீட்டெழுத்து இன்றும் எஸ்.பி.சி. என்பதே. கண்டோன்மென்ட் பி.என்.சி. ஆகவே நீடிக்கிறது. சென்னை சென்ட்ரல் 2019இல் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றபின்னும் எம்.ஏ.எஸ். என்ற குறியீட்டில் ‘மதராஸ்’ உறங்குகிறது, திருச்சிராப்பள்ளியின் டி.பி.ஜே.வில் ‘டிரிச்சினாபொலி ஜங்ஷன்’ உறங்குகிறது. பலகையில் அழிந்த பெயர் பயணச்சீட்டின் மூலையில் மூன்றெழுத்துப் புதைபடிவமாக எஞ்சுகிறது. பலகையோடு பயணச்சீட்டையும் சேர்த்தே பாதுகாக்கவேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

3. தாரும் ஒட்டுத்தாளும்

பலகையைப் பாதுகாப்பது என்றால் எந்த நிலையில் பாதுகாப்பது? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டு வரலாறு ஒரு கூர்மையான எடுத்துக்காட்டைத் தருகிறது.

1950களின் தொடக்கத்தில் திராவிட இயக்கத்தார் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துகள்மீது தார் பூசினர். 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் நிலையத்தில் மு. கருணாநிதி தலைமையில் திரண்ட தி.மு.க.வினர், பலகையின்மேல் ‘கல்லக்குடி’ என்ற பெயரை ஒட்டினர். பின்னர்த் தண்டவாளத்தில் படுத்தனர். அன்றைய போராட்டத்தில் உயிர்களும் பலியாயின. சிமென்ட் ஆலை உரிமையாளரின் பெயரைத் தாங்கிய ஊர் தன் பழைய பெயரை அடைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது ஒரு கற்பனை: அன்று தார் பூசப்பட்ட பலகை ஒன்று இன்று ஓர் அருங்காட்சியகத்துக்கு வருகிறது. பொறுப்பாளர் அதைத் தூய்மைப்படுத்துவாரா? தாரை நீக்கினால் 1950ஆம் ஆண்டின் ரயில்வே பலகை ஒன்று மீளும். அவ்வாறான பலகைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தாரை விட்டுவைத்தால் 1952இன் ஒரு காலைப்பொழுது மீளும். அது ஒன்றேயொன்று. பாதுகாப்பு என்பது புதிதாக்குவதன்று என்ற அருங்காட்சியகவியலின் அடிப்படை விதி இங்கே வெறும் தொழில்நுட்ப விதியாக இருப்பதில்லை. எந்த வரலாற்றைச் சொல்லப்போகிறோம் என்ற முடிவாகிவிடுகிறது.

பெங்களூருவில் இதன் இணை 2017இல் நிகழ்ந்தது. 2011 அக்டோபர் 20 அன்று ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோவின் பலகைகள் கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகிய மும்மொழிகளில் இருந்தன. இந்திக்கு எதிரான இயக்கம் சமூக ஊடகங்களில் எழுந்து தெருவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் கெம்பேகௌடா, சிக்பேட்டை நிலையங்களில் இந்தி எழுத்துகள் தாளாலும் ஒட்டுநாடாவாலும் மறைக்கப்பட்டன. மாநில அரசும் இந்தியை நீக்கும் நிலைப்பாட்டை எடுத்தது. பின்னர்ப் பலகைகளிலிருந்து இந்தி அகன்றது. தார் ஒட்டுநாடாவாக மாறிய அந்த 65 ஆண்டுகளில் தென்னிந்திய மொழி அரசியல் எவ்வாறு இடம்பெயர்ந்தது, எவ்வாறு தொடர்ந்தது என்பதை எழுதவிருக்கும் ஆய்வாளருக்கு ஒட்டுநாடா படிந்த ஒரே ஒரு பலகை ஆயிரம் செய்தி நறுக்குகளுக்கு ஈடாகும்.

இந்த மாற்றங்களை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் கருத்து. பலகையைப் பாதுகாப்பது அதில் எழுதியிருக்கும் மொழிக்கொள்கையைப் பாதுகாப்பதாகாது. அகற்றப்பட்ட பலகையைப் பேணக் கோருவோரை அகற்றத்தின் எதிரிகள் என்று கருதும் மயக்கம் நீங்கினால்தான் இவ்வுரையாடல் நகரும். போராட்டத்தின் வெற்றிக்கும்கூடச் சான்று தேவை; அச்சான்று தோற்ற பலகையே.

4. பேருந்தும் கையெழுத்தும்

1940இல் தொடங்கிய பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியை 1956இல் அரசு ஏற்றது. அதன்பின் பெற்ற ‘பி.டி.எஸ்.’ என்ற பெயர், 1997இல் பி.எம்.டி.சி. தனி நிறுவனமான பின்னும் நெடுநாள் மக்கள் நாவில் வாழ்ந்தது. எழுத்தில் மாறிய பெயர் பேச்சில் மாற ஒரு தலைமுறை ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று.

அந்நாளைய பேருந்தின் தடப்பலகை, தகரத்திலோ மரத்திலோ கையால் எழுதப்பட்டது. எழுதியவர் பணிமனைப் பெயின்டர். ரயில்வே பலகையில் விதி உண்டு; அளவு உண்டு. பேருந்துப் பலகையிலோ இடநெருக்கடியும் எழுதுவோரின் தீர்மானமுமே விதி. எந்த ஊர்ப்பெயரைச் சுருக்குவது, எந்த எழுத்தை நெருக்குவது, கன்னடத் தலைக்கட்டு வளைவை எவ்வளவு நீட்டுவது, ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தன. ஒரே ஊரின் பெயர் இரு பணிமனைகளில் இரு விதமாக எழுதப்படும்போது, எழுத்துத் தரப்படுத்தம் மக்கள் வழக்கை எங்கே தொட்டது, எங்கே தொடவில்லை என்பது புலப்படும். இன்றும் ஆங்கிலத்தில் பையப்பனஹள்ளியை ரயில்வே ஒரு விதமாகவும் மெட்ரோ வேறு விதமாகவும் எழுதுகின்றன. நிறுவனங்களுக்கே உடன்பாடு இல்லாத இடத்தில் தனி மனிதரின் தூரிகைக்கு எவ்வளவு உரிமை இருந்திருக்கும்!

நெகிழிப் பதாகையும் கணினி வெட்டெழுத்தும் அத்தூரிகையை ஓய்வுபெறச் செய்தன. பிறகு மின்னொளிப் பலகை வந்தது. அது பயணிக்குப் பேருதவி. இரவிலும் தெரியும், நொடியில் மாறும். ஆனால் மாறியபின் தடம் எதையும் விட்டுவைப்பதில்லை. தகரப் பலகையில் புதுப்பெயரின் அடியில் பழைய பெயர் புடைத்துத் தெரியும். மின்னொளிப் பலகையில் அடியடுக்கு என்பதே இல்லை. எனவே கையால் எழுதிய பலகைகளின் தலைமுறையே பொருள்வடிவில் கிடைக்கக்கூடிய கடைசித் தலைமுறை.

மற்றொரு பெரும் மாற்றம் 2024இல் வந்தது. வணிகப் பலகைகளில் 60 விழுக்காடு இடம் கன்னடத்துக்கு ஒதுக்கப்படவேண்டும் என்ற சட்டத் திருத்தத்தையொட்டி, நகரம் முழுவதும் கடைப்பலகைகள் குறுகிய காலத்தில் மாற்றப்பட்டன. மொழியுரிமை நோக்கில் அது ஒரு மைல்கல். ஆவண நோக்கில், மாற்றத்துக்கு முந்தைய தெருவின் மொழிநிலப்பரப்பு ஒரே பருவத்தில் கலைந்துபோன நிகழ்வும் அதுவே. சிவாஜிநகர், அல்சூர் போன்ற பகுதிகளில் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே தெருவில் எவ்விகிதத்தில் நின்றன என்று இனி ஒளிப்படங்களை வைத்தே கணக்கிடவேண்டும்.

5. சட்டத்தின் இடைவெளி

பலகைகளை யார் பாதுகாப்பது என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை தரவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி, ஒரு பொருள் தொல்பொருளாக 100 ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும். மதிப்புடைய கையெழுத்துச் சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு 75 ஆண்டுகள். 1950களின் மஞ்சள் பலகை இன்னும் அந்த வயதை எட்டவில்லை. எட்டும் காலத்தில் அது இருக்காது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் கோப்புகளையும் சுவடிகளையும் நுண்படங்களையும் கணினிப் பதிவுகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. தகரப் பலகை அதன் கண்ணில் படவில்லை.

மறுபுறம், 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம், ரயில்வேக்கு உரிய பொருளை முறையின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அது தேவையான சட்டமே. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. முறையான ஏலத்தில் வாங்கியதற்கான ரசீது இல்லாத சேகரிப்பாளர், தம்மிடம் உள்ள பலகையை ஆய்வாளருக்குக் காட்டவே அஞ்சுவார். காட்டினாலும் எந்த நிலையத்தின் எந்த நடைமேடையிலிருந்து வந்தது என்று சொல்லமாட்டார். வந்த இடம் தெரியாத பலகை அழகுப்பொருளாகலாம், சான்றாகாது. கல்வெட்டைப் பெயர்த்தெடுத்து வரவேற்பறையில் வைத்தால் நேரும் இழப்பே இங்கும் நேர்கிறது.

பிற நாடுகளில் நிறுவனங்களே இப்பொறுப்பை ஏற்றன. நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம் 1976இல், கைவிடப்பட்ட நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றிலேயே தொடங்கப்பட்டது. 1980 முதல் கோவன்ட் கார்டனில் இயங்கும் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் வண்டிகளோடு சுவரொட்டிகள், பலகைகள், 1916இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் வடிவமைத்த எழுத்துரு ஆகியவற்றின் வரலாற்றையும் பேணுகிறது. அங்கு எழுத்துரு ஒரு நகரத்தின் அடையாளமாக மதிக்கப்படுகிறது. இந்திய எழுத்துகள் பத்துக்கும் மேற்பட்டவற்றில் பலகை எழுதிய ரயில்வேயின் எழுத்து வரலாறு அதைவிடச் செழுமையானது; எழுதப்படாமல் கிடக்கிறது.

கர்நாடகத்தில் அடித்தளம் இல்லாமலில்லை. 1979இல் தொடங்கிய மைசூரு ரயில் அருங்காட்சியகம், 1977இல் புதுதில்லியில் அமைந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தை அடுத்து நாட்டில் உருவான ஒன்று. மைசூர் மகாராணியின் 1899ஆம் ஆண்டு ரயில் பெட்டி அங்குள்ளது. பெங்களூருக்கு வடக்கே நந்தி ஹால்ட், தேவனஹள்ளி, தொட்டஜாலா, ஆவதிஹள்ளி ஆகிய பழைய சிறு நிலையக் கட்டடங்களை இன்டாக் அமைப்பின் முயற்சியில் புதுப்பித்திருக்கின்றனர். என்ஜினையும் பெட்டியையும் கட்டடத்தையும் மரபுச்சின்னமாகக் காணும் கண் உருவாகிவிட்டது. எழுத்தை அவ்வாறு காணும் கண்ணே இன்னும் திறக்கவேண்டும்.

6. செய்யக்கூடியவை

எல்லாப் பலகைகளையும் சேமிக்க இயலாது; தேவையுமில்லை. ஒரு நிலையத்தின் பலகை நான்கு மீட்டர் நீளமிருக்கும். எந்த அருங்காட்சியகத்திலும் அதற்கு எல்லையற்ற இடம் இல்லை. எனவே முதற்பணி பொருளைச் சேர்ப்பதன்று, பதிவுசெய்வது. அகற்றும் நாளுக்கு முன் நேர்நிலையிலும் சாய்ந்த ஒளியிலும் எடுத்த ஒளிப்படம், அளவுகோல், நிறுவிய இடம், திசை, எழுத்து வரிசை, எழுதியவர் பெயர் தெரிந்தால் அப்பெயர், அகற்றியதன் காரணம் ஆகியவை இருந்தால் போதும். சாய்ந்த ஒளி முக்கியம். மேற்பூச்சின் அடியிலுள்ள பழைய எழுத்தின் விளிம்பு அவ்வொளியில்தான் நிழலாகத் தெரியும்.

அடுத்து, தேர்ந்தெடுத்த சிலவற்றைப் பொருளாகவே காப்பது. எனாமல் பலகை என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித்தூளை உயர்வெப்பத்தில் உருக்கி ஒட்டியது. நிறம் மங்காது, ஆனால் விளிம்பு சிதறினால் உள்ளே துரு பரவும். அதற்கு ஈரமற்ற அறையும் துருவை நிறுத்தும் பூச்சும் போதும். சிதறிய இடத்தில் புதுவண்ணம் வேண்டியதில்லை. வண்ணம் பூசிய தகரத்தைச் சுரண்டக்கூடாது. அடியடுக்குகள் அழியும் என்பது ஒரு காரணம். பழைய மஞ்சள் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு என்பது மற்றொன்று. துணியாலான சுருள்பலகையை மடிக்காமல் அகன்ற குழலில் சுற்றிவைக்கவேண்டும். தடித்த அட்டையில் அச்சிட்ட எட்மண்ட்சன் வகைப் பயணச்சீட்டுகளுக்கு அமிலமற்ற உறை வேண்டும். இவற்றில் எதற்கும் பெருநிதி தேவையில்லை.

மூன்றாவதாக, நிறுவனங்களின் நடைமுறையில் ஒரு சிறு வரி சேரவேண்டும். பலகைகளை ஏலத்துக்கு அனுப்பும் முன் அருங்காட்சியகத்துக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்கும் பல்கலைக்கழகங்களின் மொழியியல், வரலாற்றுத் துறைகளுக்கும் அறிவித்துக் குறிப்பிட்ட நாள்கள் காத்திருப்பது. கோப்பை அழிக்கும்முன் ஒப்புதல் பெறும் வழக்கம் அரசில் ஏற்கெனவே உண்டு. அதைத் தகரத்துக்கும் நீட்டிப்பதே இது.

நான்காவது, மாணவர்களின் பணி. பொதுவிட எழுத்துகளை ஆராயும் மொழிநிலப்பரப்பு ஆய்வு இன்று பல துறைகளில் பாடமாகியிருக்கிறது. பெரும்பாலான ஆய்வேடுகள் நிகழ்காலத் தெருவை ஒரே முறை படம்பிடித்து எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. அதே தெருவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதே முறையில் பதிவுசெய்தால்தான் அது வரலாறாகும். பணிமனைகளில் பலகை எழுதி ஓய்வுபெற்ற பெயின்டர்களின் நேர்காணல்களும் அவசரப் பணி. அவர்களுக்கு வயதாகிறது, பலகைகளைப் போலவே அவர்களின் நினைவுக்கும் பட்டியல் இல்லை.

கொல்கத்தா இன்று நமக்கு முன்னெச்சரிக்கை. 1873இல் முதன்முதலாக டிராம் ஓடிய அந்நகரில், மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான மரபுத்தடம் ஒன்றைத் தவிரப் பிற தடங்களை நிறுத்தும் முடிவை மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. அங்கு ஆர்வலர்கள் நெடுங்காலமாக இயங்கிவந்ததால் விவாதமாவது எழுந்தது. சென்னையின் டிராம் 1953இல் நின்றபோது பலகைகளுக்காகப் பேச எவருமில்லை.

பேகூர் வீரக்கல்லை வெட்டிய கல்தச்சர் நகரத்தின் பெயருக்குச் சான்று அமைப்பதாக எண்ணியிருக்கமாட்டார். ஒரு வீரனின் சாவைப் பதிவுசெய்வதே அவர் பணி. பெயர் போகிறபோக்கில் வந்தது. மஞ்சள் பலகையை எழுதிய பெயின்டரும் பயணிக்கு வழிகாட்டவே எழுதினார். தற்செயலாக எஞ்சிய அந்த ஒரு கல்லால் நகரத்தின் வயது ஆறரை நூற்றாண்டு கூடியது. இருபதாம் நூற்றாண்டின் சான்றுகளையும் தற்செயலிடம் விட்டுவிடலாமா என்பதை ஒவ்வொரு பணிமனையின் ஏலப்பட்டியலும் கேட்டுக்கொண்டிருக்கிறது.